ஏரிக்கரையில் ஒரு பொய்ச்சாவு

என் வயதுக்காரர்கள் யாராவது சமீபத்தில் தியேட்டருக்குப் போனீர்களா? போயிருந்தால் கவனித்திருப்பீர்கள். இப்போது வரும் படங்களில் நிறைய பேர் சாகிறார்கள், ஆனால் ஒருவருக்குக்கூடப் பாடை கட்டுவதில்லை.

போன மாதம் என் மகள் போனிலேயே டிக்கெட் எடுத்து என்னைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனாள். நல்ல சாய்வு நாற்காலி. ஏசிக் குளிருக்குத் துண்டைக் காது வரை சுற்றிக்கொண்டேன். கதாநாயகன் இடைவேளைக்குள் ஒரு கிராமத்தையே வெட்டிச் சாய்த்துவிட்டான். விழுந்தவர்களை யார் தூக்கினார்கள், யார் வீட்டில் யார் அழுதார்கள் என்று படம் மூச்சு விடவில்லை. கடைசியில் மீதியை இரண்டாம் பாகத்தில் பாருங்கள் என்று எழுத்துப் போட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"எப்படிப்பா இருந்துச்சு படம்?" என்று மகள் கேட்டாள்.

"பின்னாடி நிக்கிறவங்க சரியில்லம்மா."

"யாருப்பா சினிமாவுல பின்னாடி நிக்கிறவங்களைப் பாக்கறாங்க?"

நான் பார்க்கிறேன். எந்தப் படத்துக்குப் போனாலும் கதாநாயகனின் தோளுக்கு மேலே, கூட்டத்தில் நிற்கிறவர்கள் முகத்தைத்தான் என் கண் தேடும். அவர்கள் சரியாக இருந்தால் படம் சரியாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். இப்போது கூட்டத்தையும் கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறார்களாம். எல்லோரும் ஒரே மாதிரி கையைத் தூக்குகிறார்கள், ஒரே மாதிரி வாயைத் திறக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவனுக்காவது முதுகு அரிக்க வேண்டாமா?

புதுப் படமெல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. கொஞ்ச நாள் முன்பு பெரிய நடிகர்கள் யாரும் இல்லாத ஒரு சின்னப் படம் வந்தது. அதில் ஒரு கல்யாணப் பந்தி. முன்னால் கதாநாயகனும் மாமனாரும் சண்டை போடுகிறார்கள். பின்னால் ஒரு கிழவி இலையில் இருந்த லட்டை எடுத்து, அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள். அந்த லட்டு யாருக்கோ போகப்போகிறது. அதைப் பார்க்கவே இன்னொரு தடவை டிக்கெட் எடுத்தேன்.

நடிகர்களையும் நேரில் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். எனக்குக் கூச்ச சுபாவம், போய்ப் பேசியதில்லை. மகள் கல்யாணத்துக்குப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் போனபோது ஒரு பெரிய நடிகை அதே கடையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து புடவை பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் அவருடைய செருப்புமேல் என் செருப்பு ஏறி நின்றிருந்தது. அதை எடுக்கவும் கூச்சம், விடவும் மனசில்லை. அவர் காரில் ஏறிப் போகிற வரைக்கும் சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நின்றேன்.

ஆனால் என் வாழ்நாளில் நான் முதன்முதலாகப் பார்த்த நடிகர் பாடையில் படுத்திருந்தார். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது நான் ஐந்தாவது. நான் படித்த கடைசி வகுப்பும் அதுதான். சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்தக் கோடையில் ஏரி வற்றி, தரை வெடித்து, நடுவில் கொஞ்சம் சேறு மட்டும் மிச்சமிருந்தது. அப்படியொரு ஏரிதான் வேண்டும் என்று சினிமாக்காரர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். ஜெனரேட்டர் வண்டி உறுமுகிற சத்தத்தில் மாடுகள் கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு ஓடின. அவர்கள் சமையல் வண்டியிலிருந்து வரும் ரவா கேசரி வாசனை ஊர் முழுக்க அடிக்கும். வெயிலைத் திருப்பி நடிகர் முகத்தில் அடிக்க, வெள்ளித்தகடு ஒட்டிய பலகைகள் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம். அதில் முகம் பார்த்து மீசை திருகாத ஆண்பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. என் நைனாவும் திருகினார்.

நைனா பெரிய சினிமாப் பைத்தியம். சைக்கிள் மட்கார்டில் கதாநாயகன் படம் வரைந்திருப்பார். டென்ட் கொட்டாயில் ஒரு படம் போட்டால் அது போகிற வரைக்கும் தரை டிக்கெட்டில் முதல் வரிசை அவர்தான். அதற்கு முந்தின வருஷம் மஞ்சக்காமாலை வந்து பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்தபோதுகூட, கொட்டாயில் படம் மாறிவிட்டதா என்று கேட்டவர். அந்த நோயிலிருந்து எழுந்து அவர் உடம்பில் சதை பிடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

படத்துக்கு ஒரு சாவு வேண்டும். செத்தவருக்கு ஒரு மகன் வேண்டும். அசிஸ்டென்ட் ஒருவர் எங்களை வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்கவைத்து அழச் சொன்னார். பையன்கள் எச்சிலைத் தொட்டுக் கண்ணில் தடவிக்கொண்டு ஊளையிட்டார்கள். நான் மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். பள்ளிக்கூட நாடகத்தில்கூட எனக்குத் திரை இழுக்கிற வேலைதான் கொடுப்பார்கள்.

"அந்த மரத்துக்குப் பின்னாடி நிக்கிற பையனை வரச் சொல்லு" என்றார் அசிஸ்டென்ட். "அவன் அழவே வேண்டாம். சும்மா நின்னாலே பாவமா இருக்கான்."

"டேய், உன் மூஞ்சப் பாத்துதான் அந்தாளே செத்தாருன்னு கதை போலக்கீதுடா" என்றான் என் கூட்டாளி. ஆனாலும் அவன்தான் என்னைவிட வேகமாக எங்கள் வீட்டுக்கு ஓடிச் செய்தி சொன்னான். என்னை யாரும் எதற்கும் பொறுக்கி எடுத்ததில்லை. அதனால் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அம்மா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"இன்னாது? கொள்ளிச்சட்டியா? பெத்த அப்பன் எதிர்ல கல்லு மாதிரி நிக்கிறான், புள்ள கொள்ளிச்சட்டி தூக்கறதா?"

"சினிமாடி அது. எல்லாம் பொய்யி" என்றார் நைனா.

"சட்டி பொய்யா? நெருப்பு பொய்யா? எம்புள்ள பொய்யா?"

"ஊரே பாக்கும்டி நம்ம பையன."

"ஊரு பாக்கறதுக்கு நீ இன்னொருக்கா பாயில படுக்கணுமாய்யா? படுத்தது போதாதா? வேற வூட்டு புள்ளைங்களே இல்லியா அவங்களுக்கு?"

நைனா துண்டை உதறித் தோளில் போட்டார். பட்டிக்காட்டு நம்பிக்கை என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று நான் சோறு தின்னவில்லை. அம்மாவோடு பேசவில்லை. நான் எப்போதும் பேசாதவன் என்பதால் அது அவளுக்குத் தெரிந்ததா என்பதும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் செத்தவரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் யாருக்கு அப்பா வேண்டுமென்றாலும் அவர்தான். நாங்கள் அப்பா நடிகர் என்போம். கொட்டாயில் அவர் இருமினால் பெண்கள் பக்கம் முழுக்க மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்கும். அம்மாவுக்குக் கதாநாயகன்மேல் எல்லாம் நாட்டமில்லை. அவள் சினிமாவுக்கு வருவதே இவருக்காக அழத்தான்.

முகத்தில் பாதி மஞ்சள் சாயத்தோடு, தோளில் துண்டோடு, எங்கள் மாட்டுத்தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஒடம்பு இப்ப எப்படிங்க கீது?"

கடைசியாக அவள் பார்த்த படத்தில் அவர் ரத்த ரத்தமாக வாந்தி எடுத்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. "இப்ப பரவாயில்லம்மா" என்று சொல்லி மோரைக் குடித்தார்.

பிறகு பேச்சு மெதுவாக விஷயத்துக்கு வந்தது.

"பாடையில படுக்கறீங்களே, உங்க வூட்டம்மா எப்படி ஒத்துக்கினாங்க?" என்று கேட்டாள் அம்மா.

"நான் சாகிற படம் எதையும் அவங்க பார்க்கமாட்டாங்க. அதனால நான் நடிச்ச படம் முக்கால்வாசி அவங்களுக்குத் தெரியாது."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முந்தின நாளிலிருந்து அதுதான் அவள் முதல் சிரிப்பு.

"எங்களுக்கும் ஒரு வழக்கம் இருக்கும்மா" என்றார் அவர். "சாவுக் காட்சி எடுத்து முடிச்சதும், பாடையில படுத்திருந்தவன் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கணும். அதையும் படம் எடுப்பாங்க. சிரிக்காம நான் கீழ காலை வைக்கமாட்டேன்."

"சிரிச்சா போதுமா?"

"எனக்கு இதுவரைக்கும் போதுமா இருந்திருக்கு. உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. நான் டைரக்டர்கிட்ட பேசறேன்."

அம்மா காலி மோர்ச் சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். சட்டியில் நெருப்பு வைத்தாலும் அது சாம்பிராணிக்கான நெருப்பாக இருக்க வேண்டும். அவளே தணலும் சாம்பிராணியும் போட்டுக் கொடுப்பாள். சட்டியை உடைக்கக்கூடாது, அது வீடு திரும்ப வேண்டும். அப்புறம், நைனாவைக் கையால் காட்டினாள்.

"இந்தாளு எங்கண்ணெதிர்லயே நிக்கணும். புள்ள சட்டி தூக்கற வரைக்கும் நான் பாத்துக்கினே இருக்கணும்."

"எல்லாம் நியாயம்தான்" என்றார் அப்பா நடிகர். டைரக்டருக்கு அது நியாயமாகப் படவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். ஆனாலும் பிணம் எழுந்து வந்து பேசினால் யார் மறுக்க முடியும்?

படமெடுத்த அன்று ஊரே ஏரிக்குள் இருந்தது. என் இடுப்பில் ஈர வேட்டி, கையில் கயிற்று உறியில் தொங்கும் சட்டி. அம்மா கிலோக் கணக்கில் சாம்பிராணி போட்டிருப்பாள் போல. பிணத்தைச் சுற்றி வெள்ளிக்கிழமை வாசனை. நைனாவை எதிரில் மதகுச் சுவர்மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். புதுத் துண்டு போட்டுக்கொண்டு, ஏரி முழுக்கத் தெரியும்படி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அம்மா பெண்கள் கூட்டத்தில் முன்னால் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சட்டியோடு நடந்தேன். பாடையிலிருந்து ஒரு குரல், உதடு அசையாமல் வந்தது.

"தம்பி, மூக்குல ஈ உட்கார்ந்திருக்கு. ஊது."

ஊதினேன்.

"கட்!" என்று கத்தினார் டைரக்டர்.

மறுபடி நடந்தேன். கண்ணில் ஏதோ மருந்து விட்டார்கள், எரிந்தது. ஆனால் நிமிர்ந்தால் மதகுமேல் நைனா. அவர் சிரித்தால் எனக்கும் வாய் தானாக இழுத்துக்கொண்டது.

"அப்பன் செத்துக் கிடக்கான், இவன் சிரிக்கிறான்யா!"

"அவுங்க நைனா அங்க நின்னுக்கினு பல்லக் காட்னா அவன் எப்படி சார் அழுவான்?" என்று கூட்டத்திலிருந்து என் கூட்டாளி குரல் கொடுத்தான்.

"அந்தாளை இறக்குங்கய்யா."

"எறக்கினா எம்புள்ள நடக்கமாட்டான்" என்றாள் அம்மா. டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். மறுபடி, மறுபடி எடுத்தார்கள். வெயில் சாய ஆரம்பித்தது. பெண்கள் பக்கம் வெளிச்சம் போதவில்லை என்று யாரோ சொன்னார்கள். வெள்ளிப் பலகை பிடிக்க ஆள் தேடி ஒருவர் மதகுப் பக்கம் ஓடியதை நான் பார்த்தேன். அப்போது எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. நான் குனிந்து உறிக்கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"நட" என்றார்கள். நடந்தேன். நிமிர்ந்தேன்.

மதகுமேல் நைனா இல்லை.

கையில் சட்டி புகைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் அம்மாவின் குரல் கேட்டது.

"யோவ்! எங்கய்யா போன? யோவ்!"

அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். கூந்தல் அவிழ்ந்து தோளில் கிடந்தது. அவள் முகத்தில் எங்கிருந்தோ பளீரென்று வெளிச்சம் விழுந்திருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஒவ்வொரு ஆண்பிள்ளை முகமாகத் தேடினாள். சட்டி வேலையைக் காட்டிவிட்டது என்று நினைத்தேன். "நைனா!" என்று கத்தினேன். அதற்குப் பிறகு அழுகையை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. தரையில் கயிறு போட்டு அடையாளம் வைத்த இடம் வரை நிற்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அழுதுகொண்டே நடந்தேன்.

"ஓகே!"

சினிமாக்காரர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். பெண்கள் கூட்டத்துக்கு எதிரே, கேமராவை ஒட்டி நின்ற ஒரு வெள்ளிப் பலகை மெதுவாகக் கீழே இறங்கியது. அதற்குப் பின்னாலிருந்து நைனாவின் தலை வெளியே வந்தது.

"ஓகேவாம்டி! பையன் கலக்கிட்டான்!"

அம்மா அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்தாள். பிறகு அவர் தோளிலிருந்த புதுத் துண்டை உருவி அதனாலேயே அடித்தாள். "கூப்ட்டது காதுல வுழல? வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"வுழுந்துதுடி. ஆடாதன்னாங்க, பேசாதன்னாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் ஜெனரேட்டர் வண்டியைச் சுற்றி ஓட, அவள் துரத்த, மொத்த ஊரும் சிரித்தது. பாடையில் எழுந்து உட்கார்ந்த அப்பா நடிகர் என்னைத் தூக்கிப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "உங்கப்பாவைப் பாரு, நல்லாத்தானே ஓடறாரு. இப்ப கேமராவைப் பார்த்துச் சிரி." மூக்கில் பஞ்சோடு அவரும், மூக்கில் சளியோடு நானும் சிரித்தோம். அந்த ரீல் எந்த டப்பாவில் போயிற்றோ. அதை நான் பார்த்ததேயில்லை. பார்த்திருந்தால் நான் நடித்ததிலேயே நல்ல காட்சி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

சட்டி வீட்டுக்கு வந்தது. அம்மா அதை மஞ்சள் தண்ணீரில் கழுவி வெள்ளிக்கிழமை தோறும் அதிலேயே சாம்பிராணி போட்டாள். முதலில் நைனாவுக்குக் காட்டிவிட்டுத்தான் சாமிக்குக் காட்டுவாள். வீட்டை இடித்துக் கட்டியபோது கொத்தனார் ஆட்கள் அதில் சுண்ணாம்பு கரைத்தார்கள். அத்தோடு போயிற்று.

மறு வருஷம் கொட்டாய்க்குப் படம் வந்தது. ஊரே மணலில் உட்கார்ந்திருந்தது. என் காட்சி வந்தது. என் முதுகு வந்தது, சட்டி வந்தது, புகை வந்தது. அவ்வளவு அழுத என் முகம் வரவேயில்லை.

"உன் முதுகு நல்லா நடிச்சிக்கீதுடா" என்றான் கூட்டாளி.

அதற்குள் திரை முழுக்க அம்மா. குரலை எடுத்துவிட்டு வெறும் நாதஸ்வரம் போட்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் அவள் கண் சுருங்குகிறது, வாய் திறக்கிறது, முகம் முகமாகத் தேடுகிறாள். பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லோரும் தேம்பித் தேம்பி அழுதார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அய்யோ, தலைகூட வாரிக்கினு போவலியே" என்று அம்மா முந்தானைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள். படம் பார்க்கும்போது வாய் ஓயாத நைனா அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் படம் போகிற வரைக்கும் தினமும் சாயங்கால ஆட்டத்துக்குப் போனார். பெண்டாட்டி சினிமாவில் வந்த பெருமை என்று ஊரில் கேலி செய்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் காட்சி முடிந்ததும் எழுந்து வந்துவிடுவார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கதாநாயகன் சண்டை போடுகிற கடைசி ரீலைக்கூடப் பார்க்காமல் வந்திருக்கிறார், அந்தப் பைத்தியக்கார மனுஷன்.

அம்மா போய்ச் சில வருஷம் ஆகிறது. அவள் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. பூவும் மஞ்சளுமாகத்தான் போனாள், நைனாதான் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எண்பதைத் தாண்டியும் நடமாட்டம் இருக்கிறது. ஒரு கண் மங்கல்.

செங்கல்பட்டிலிருந்து வந்த மறுநாள், பின்னால் நிற்கிறவர்களை நான் ஏன் பார்க்கிறேன் என்று மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவள் போனில் படத்தின் பெயரைத் தட்டினாள். யாரோ முழுப் படத்தையும் போட்டுவைத்திருக்கிறார்கள். ஒரே கோடும் புள்ளியுமாக இருந்தது. நான் வாசலில் கட்டிலில் படுத்திருந்த நைனாவை எழுப்பி உட்காரவைத்தேன்.

"இன்னாடா, புதுப் படமா?"

"பழசுதான் நைனா. பாரு."

மகள் அந்த இடத்துக்குத் தள்ளிக் கொடுத்தாள். நைனா போனை இரண்டு கையாலும் நெட்டுக்குத்தாகப் பிடித்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டார். என் முதுகு போயிற்று. புகை போயிற்று. அம்மா வந்தாள்.

"தாத்தா, ஆயா மூஞ்சில எவ்வளவு வெளிச்சம் பாருங்க" என்றாள் மகள்.

"நான் அடிச்ச வெளிச்சம்மா அது."

சொன்னபோது அவர் கண் போனைவிட்டு நகரவில்லை. அம்மா இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கடைசியில் நேராக எங்களைப் பார்த்தாள். நைனா போனை இன்னும் கிட்டே கொண்டுபோனார். இரண்டு கையாலும் இறுக்கி, ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

"இங்கதான்டி கீறேன்" என்றார் போனைப் பார்த்து. "பலகைக்குப் பின்னாடி."